எந்தப் புது ஜாஸ் ஆல்பம் ரேடியோவில் ஓடுகிறது? பெங்களூரிலிருந்து கேட்பவர்களுக்குச் சில பதில்கள்

அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் எங்கள் சமையலறையில் நியூஜெர்சி ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். இது தெரிந்த நண்பர்கள், அப்புறம் அந்த நண்பர்களின் நண்பர்கள் என்று கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. முக்கால்வாசி அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

புது ஜாஸ் ஆல்பங்களில் எது ரேடியோவில் அதிகம் ஓடுகிறது என்று யாராவது கணக்கு வைக்கிறார்களா?

வைக்கிறார்கள், அதுவும் வாரா வாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜாஸ் ஒலிபரப்பும் நிலையங்கள், இந்த வாரம் எந்தப் புது ஆல்பத்திலிருந்து எத்தனை தடவை போட்டோம் என்று எண்ணி அனுப்புகின்றன. அதையெல்லாம் கூட்டி வரிசைப்படுத்தி வெளியிடுவது 'ஜாஸ்வீக்'. இதற்கு முன்னால் 'காவின் ரிப்போர்ட்' என்ற பத்திரிகை இந்த வேலையைச் செய்துவந்தது. 2002இல் அது நின்றுபோனது. இப்போது ஜாஸ் வட்டாரத்தில் "சார்ட்டில் ஏறியிருக்கிறது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் பெரும்பாலும் ஜாஸ்வீக் சார்ட்டைத்தான் சொல்கிறார்.

கல்லூரி, சமூக வானொலிகளுக்கென்று 'நாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு பட்டியல் 2017 முதல் வருகிறது. அதிலும் ஜாஸுக்குத் தனிப் பிரிவு உண்டு. மாணவர்கள் நடத்தும் நிலையங்கள் என்பதால் கொஞ்சம் துடுக்கான, ஓரத்து ஆல்பங்கள் அதில் மேலே வரும். எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பிடிக்கும். ஒன்றில் பெரியவர்களின் ருசி, மற்றதில் பிள்ளைகளின் ருசி.

பாட்டுக்கு ரேங்க் கொடுக்காமல் ஆல்பத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

சினிமாப் பாட்டில் எல்லா எஃப்.எம்.மும் ஒரே பாட்டைப் போட்டுத் தேய்ப்பார்கள். ஜாஸில் அப்படிக் கிடையாது. எட்டு டிராக் உள்ள ஓர் ஆல்பம் வந்தால், காலை நிகழ்ச்சிக்காரர் நாலு நிமிஷ டிராக்கை எடுப்பார். நள்ளிரவு நிகழ்ச்சிக்காரர் பதினோரு நிமிஷம் ஓடுகிற கடைசி டிராக்கை எடுப்பார். இன்னொரு ஊர்க்காரர் பாடகி பாடும் ஒரே டிராக்கை மட்டும் போடுவார். எல்லாவற்றையும் ஆல்பத்தின் கணக்கில் சேர்த்தால்தான் ஒரு தொகையாவது தேறும். தேறும் தொகையும் பெரிதல்ல. முதலிடத்தில் இருக்கும் ஆல்பத்துக்குக்கூட மொத்த நிலையங்களையும் சேர்த்து ஒரு வாரத்துக்குச் சில நூறு தடவைதான் கிடைக்கும். நம் ஊர் எஃப்.எம்.மில் ஒரு ஹிட் பாட்டு அதை எவ்வளவு சீக்கிரம் தாண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது? எண்களாக இருக்கிறது.

இந்த வார இடம், போன வார இடம், அதிகபட்சம் எட்டிய இடம், எத்தனை வாரமாக இருக்கிறது, எத்தனை தடவை ஓடியது, எத்தனை நிலையங்கள் போட்டன, இந்த வாரம் புதிதாக எத்தனை நிலையங்கள் தங்கள் அலமாரியில் சேர்த்துக்கொண்டன: இவைதான் அந்த எண்கள். கடைசியில் சொன்னதற்கு அங்கே 'ஆட்' என்று பெயர்.

புதியவர்கள் முதலில் இடத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் 'ஆட்' எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். ஓர் ஆல்பம் இப்போது முப்பதாவது இடத்தில் இருந்தாலும், ஒரே வாரத்தில் நிறைய நிலையங்கள் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் பெயர் எல்லா இடத்திலும் கேட்கும். அடுத்தது நிலையங்களின் எண்ணிக்கை. உதாரணத்துக்கு, இரண்டு ஆல்பங்களும் நூறு தடவை ஓடியிருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றை நாற்பது நிலையங்கள் போட்டன, மற்றதைப் பத்து நிலையங்கள்தான் போட்டன. முதல் ஆல்பத்தைப் பலர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிருக்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் விழுந்து விழுந்து போட்டிருக்கிறார்கள். நான் இரண்டாவதைத் தேடிப்போவேன்.

முதலிடம் வந்த ஆல்பம்தான் அந்த வாரத்தின் சிறந்த ஆல்பமா?

இல்லை. ஜாஸ் ரேடியோ கேட்பவர்களில் பலர் கார் ஓட்டிக்கொண்டோ, அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டோ கேட்கிறவர்கள். அதனால் தாளம் நன்றாக நடைபோடுகிற, மெட்டு உடனே பிடிபடுகிற, ஐந்து நிமிஷத்துக்குள் முடிகிற டிராக்குகள் உள்ள ஆல்பம் மேலே போகும். 25 நிமிஷம் ஓடுகிற ஒரே டிராக்கை வைத்துக்கொண்டு யாராவது ஒரு மகத்தான ஆல்பம் போட்டால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பகல் நேரத்தில் இடம் கிடைக்காது. சபாவில் சாயங்காலக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் கிடைத்தவரும், மத்தியானக் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தவரும் ஒரே மாதிரி ராகம் தானம் பல்லவி பாட முடியுமா?

எனக்கு இந்தப் பட்டியல் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எல்லாரும் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று தெரியும், தண்ணீர் எப்படியிருக்கிறது என்பதைக் குடித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை முதலிடத்தில் இருந்த ஆல்பத்தைக் கேட்காமலேயே காசு கொடுத்து வாங்கினேன். இரண்டாவது முறை கேட்கவில்லை. அதே வாரம் நாற்பத்தி எத்தனையாவது இடத்திலோ இருந்த ஒரு பியானோ ஆல்பத்தை இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிலையத்தில் யார் தீர்மானிக்கிறார்கள்? காசு கொடுத்தால் போடுவார்களா?

ஒவ்வொரு நிலையத்திலும் இசைப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். வாரத்துக்கு ஒரு குவியல் வரும். முன்பு சி.டி.யாக, இப்போது பெரும்பாலும் டவுன்லோடு இணைப்பாக. அவர் கேட்டு, இது நம் நிலையத்துக்கு ஆகும், ஆகாது என்று பிரித்து, ஆனதைப் புது வரவு அலமாரியில் வைப்பார். அதற்கப்புறம் பல ஜாஸ் நிலையங்களில் நிகழ்ச்சி நடத்துகிறவருக்கே சுதந்திரம். மணிக்கு இத்தனை புது வரவு போட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கும். எதைப் போடுவது, எந்த டிராக்கைப் போடுவது என்பது மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் காது. சினிமா எஃப்.எம்.மில் கணினி வரிசைப்படுத்துகிறதே, அந்த மாதிரி இல்லை. நான் ஜாஸ் ரேடியோவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே இதுதான்.

நடுவில் புரொமோட்டர் என்று ஒருவர் உண்டு. ஆல்பம் போட்ட கலைஞரோ அதை வெளியிட்ட லேபிள் நிறுவனமோ அவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். அவர் நிலையங்களுக்கு ஆல்பத்தை அனுப்பி, "கேட்டீர்களா? எந்த டிராக் பிடித்தது?" என்று வாரா வாரம் போன் செய்து நினைவூட்டுவார். நிலையத்துக்குக் காசு போவதில்லை. ரகசியமாக அப்படிக் கொடுப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் நல்ல புரொமோட்டர் பிடிக்க வசதியில்லாத கலைஞரின் ஆல்பம் குவியலின் அடியிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்க முடியாது. பட்டியலில் இல்லாத ஆல்பங்களைப் பற்றி இதையும் நினைவில் வையுங்கள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். பெயர் சொல்லுங்கள்.

2024, 2025இல் வந்தவற்றில், நான் ரேடியோவில் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டவற்றிலிருந்து சொல்கிறேன். இடங்கள் வாரா வாரம் மாறும் என்பதால் எண் போடவில்லை.

சமாரா ஜாய் பாடிய 'போர்ட்ரெய்ட்' (2024 அக்டோபர்). 2023இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி இசை விருது வாங்கியவர் இவர். ஜாஸ் பாடகி ஒருவர் பாப் உலகத்து ஆட்களைத் தள்ளிவிட்டு அதை வாங்குவது அபூர்வம். இந்த ஆல்பத்தில் பழைய ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் ஒரு மெட்டுக்கு இவரே சொற்கள் எழுதிப் பாடியிருக்கிறார். தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் தனியாக நீண்ட நேரம் போகும். முதல் தடவை இதைக் கேட்டபோது தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். தோசை தீய்ந்தது.

சார்லஸ் லாய்டின் 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ'. 2024 மார்ச் 15 அன்று, தன் 86வது பிறந்தநாளில் வெளியிட்டார். பியானோவில் ஜேசன் மொரான், பாஸில் லாரி கிரெனடியர், டிரம்ஸில் பிரையன் பிளேட். லாய்டின் சாக்ஸஃபோனில் இப்போது காற்றின் ஓசையே பாதி. வயதான வித்வான்கள் பிருகாவை விட்டுவிட்டு ஒரே ஸ்வரத்தில் நிற்பார்களே, அந்த நிலை.

கென்னி பேரனின் 'பியாண்ட் திஸ் ப்ளேஸ்' (2024). எண்பதைத் தாண்டிய பியானோக்காரர், பக்கத்தில் ஆல்டோ சாக்ஸஃபோனில் இளைஞர் இம்மானுவேல் வில்கின்ஸ். ரேடியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆல்பம், நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

சாக்ஸஃபோன்காரர் பிரான்ஃபோர்டு மார்சாலிஸின் நால்வர் குழு வாசித்த 'பிலாங்கிங்' (2025 மார்ச்). பியானோக்காரர் கீத் ஜாரெட் 1974இல் போட்ட அதே பெயருள்ள ஆல்பத்தை முதல் டிராக்கிலிருந்து கடைசி டிராக் வரை மறுபடி வாசித்திருக்கிறார்கள். இப்படிச் செய்வது ஆபத்து, அசலைக் கேட்டவர்கள் சும்மா விட மாட்டார்கள். இவர்கள் தப்பித்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

எமட் கோஹனின் 'வைப் ப்ரொவைடர்' (2024). குஷியான பியானோ. காலை நேரத்துக்கு ஏற்றது, அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஷபாகா ஹட்சிங்ஸ் சாக்ஸஃபோனை ஓரமாக வைத்துவிட்டுப் புல்லாங்குழல்களோடு வந்த 2024 ஆல்பமும் நோட்டில் இருக்கிறது. பகல் நேர ரேடியோவுக்கு அது ரொம்ப மெதுவு. ராத்திரி நிகழ்ச்சிகளில் பிடிக்கலாம்.

நம் காதுக்குச் சட்டென்று ஒட்டுகிற மாதிரி ஏதாவது? கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவள் நான்.

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பாடகி கணவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024 நவம்பரில் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', 2025இல் 'நிலம்' என்று ஆல்பங்கள் வந்தன. ஆம், அந்தத் தமிழ்ச் சொல்தான் தலைப்பு. முதலாவதில் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' நம் பஜனைக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். மேலே சொன்ன இம்மானுவேல் வில்கின்ஸின் 'ப்ளூஸ் ப்ளட்' (2024) ஆல்பத்திலும் இவர் குரல் உண்டு. அமெரிக்க நிகழ்ச்சிக்காரர்கள் 'கணவ்யா' என்பதை எப்படியெல்லாம் உச்சரிக்கிறார்கள் என்று கேட்பது தனிப் பொழுதுபோக்கு.

அடுத்து விஜய் ஐயர். அமெரிக்காவுக்குக் குடிபோன தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த பியானோ மேதை. லிண்டா மே ஹான் ஓ பாஸ், டைஷான் சோரி டிரம்ஸ் என்று மூவராக வாசித்த 'அனீஸி' (2021), 'கம்பேஷன்' (2024) இரண்டும் ஜாஸ் ரேடியோவுக்குத் தெரிந்த ஆல்பங்கள். மிருதங்கத்தில் நடை மாறுவதை விரல்விட்டு எண்ணுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிபடாதது உங்களுக்குப் பிடிபடும். பழையதில் 'தீர்த்தா' (2011) தேடுங்கள். கிட்டார் பிரசன்னாவும் தபலா நிதின் மிட்டாவும் கூட இருக்கிறார்கள்.

ருத்ரேஷ் மகாந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' (2008) இன்னொன்று. ஒருவர் கொலராடோவில் வளர்ந்து ஜாஸ் சாக்ஸஃபோன் வாசித்தவர், மற்றவர் சாக்ஸஃபோனில் கீர்த்தனை வாசித்தவர். ஒரே வாத்தியம், இரண்டு தாய்மொழி.

நம் சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து வாசிக்கும் ஷக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' (2023) அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. வாங்கிய பிரிவு உலக இசை, ஜாஸ் அல்ல. அதனால் ஜாஸ் நிகழ்ச்சிகளில் வருமா வராதா என்பது அந்தந்த நிகழ்ச்சிக்காரரைப் பொறுத்தது. குழுவின் தபலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15இல் மறைந்த பிறகு இதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. செல்வகணேஷின் கஞ்சிராவும் அந்தத் தபலாவும் பேசிக்கொள்ளும் இடம் வரும்போது நான் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

இனி நம் ஊர்க்காரர்கள். பெங்களூர் வாரிஜஸ்ரீ வேணுகோபால், குரலும் புல்லாங்குழலும். 'வாரி' என்ற ஆல்பம் 2024இல் வந்தது, தயாரித்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் மைக்கேல் லீக். கன்னடத்துப் பெண் என்று அண்டை வீட்டார் சொந்தம் கொண்டாடுவார்கள், நாமும் கொஞ்சம் பங்கு கேட்கலாம், தப்பில்லை. இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று 1983லேயே வந்திருக்கிறது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழு, அதில் மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி, பாடகி ஆர்.ஏ. ரமாமணி, கூட அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் சார்லி மரியானோ. ஆல்பத்தின் பெயர் 'ஜோதி'. ஜெர்மனியின் இ.சி.எம். என்ற லேபிள் வெளியிட்டது. மரியானோ நாகஸ்வரமும் கற்று வாசித்தவர் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை.

புதுப் பட்டியலில் செத்துப்போனவர்களின் பெயரெல்லாம் வருகிறதே, எப்படி?

வெளிவந்த தேதிதான் கணக்கு, பதிவு செய்த தேதி இல்லை. ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தார். 1963 மார்ச் 6இல் அவர் பதிவு செய்து காணாமல்போன டேப்பிலிருந்து 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' 2018இல் வந்தது, அதனால் அது புது ஆல்பம். பியானோக்காரர் மெக்காய் டைனரும் சாக்ஸஃபோன்காரர் ஜோ ஹெண்டர்சனும் 1966இல் நியூயார்க்கின் ஸ்லக்ஸ் கிளப்பில் வாசித்தது, 'ஃபோர்சஸ் ஆஃப் நேச்சர்' என்று 2024இல் வந்தது. மறுபக்கம், 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை உலகத்தில் எங்காவது ஒரு நிலையம் தினமும் போடும், ஆனாலும் பட்டியலில் வராது. அது பழைய சரக்கு.

உயிரோடு இருக்கிற இளைஞர்கள் இதனால் எரிச்சலடைகிறார்கள் என்று நினைக்கிறேன், நியாயம்தான். எம்.டி. ராமநாதனின் வெளிவராத டேப் ஒன்று நாளைக்குக் கிடைத்தால் நாம் மட்டும் யாருக்குக் காது கொடுப்போம்?

பில்போர்டு ஜாஸ் பட்டியல் வேறு பெயர்களைச் சொல்கிறதே?

அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஜாஸ் ஆல்பம் பட்டியல் விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் எண்ணுகிறது. ரேடியோ அல்ல. பில்போர்டில் ரேடியோவை எண்ணும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அது 'ஸ்மூத் ஜாஸ்' என்ற வேறு வகைக்கு. லிஃப்டில் கேட்கிற இசை என்று சிலர் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அதுதான் துணைக்கு இருந்தது.

பெங்களூர் எஃப்.எம்.மில் ஜாஸ் கேட்க முடியாதா?

இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் இங்கேதான் தொடங்கியது. ஆனால் ஏலத்தில் கோடிக்கணக்கில் உரிமம் எடுத்தவர்கள் எதைப் போட்டால் விளம்பரம் வருமோ அதைத்தான் போடுவார்கள். கன்னடம், இந்தி, அங்கங்கே ஆங்கிலப் பாப். ஆகாசவாணியின் அம்ருதவர்ஷினி 100.1இல் சாஸ்திரிய சங்கீதம் கிடைக்கிறது, அந்த வரைக்கும் நாம் பாக்கியசாலிகள்.

நம் வீடுகளுக்கு ஜாஸ் சிற்றலையில்தான் வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் 1955 ஜனவரியில் ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கினார். டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ ட்ரெய்ன்' முகப்பு இசை. வெளிநாட்டில் கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். எங்கள் அப்பா கானோவரைக் கேட்டுத்தான் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அலை ஏறி இறங்கும்போது சாக்ஸஃபோன் கிணற்றுக்குள் விழுந்து மறுபடி மேலே வருகிற மாதிரி கேட்குமாம்.

அப்புறம் வேர்ல்டுஸ்பேஸ். சாட்டிலைட் ரேடியோ, இந்தியத் தலைமையிடம் பெங்களூர். அதில் 'ரிஃப்' என்று இருபத்து நாலு மணி நேர ஜாஸ் சேனல் இருந்தது. பெட்டியோடு சிலேட்டு மாதிரி ஒரு தட்டை ஆன்டெனா தருவார்கள். சாட்டிலைட் கிழக்குப் பக்கம், ஆகவே கிழக்கு ஜன்னலில் அதைச் சாய்த்து வைத்து, சிக்னல் கோடு நிரம்புகிறவரை அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். மாடிக் கொடியில் அம்மா ஈரப் புடவையை விரித்தால் சிக்னல் போய்விடும். "அம்மா, புடவையைத் தள்ளிப் போடு, கோல்ட்ரேன் நின்றுபோய்விட்டார்" என்று நான் கத்த, "யாருடா அவன், வெயில் போகிறதுக்குள்ள காயணும்" என்று அம்மா பதில் சொல்வாள். தாய் நிறுவனம் திவாலாகி, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. அந்தச் சிலேட்டை நான் எறியவில்லை. இப்போது அரிசி டப்பாவுக்கு மூடியாக இருக்கிறது.

அப்படியானால் இப்போது எதைக் கேட்பது, எத்தனை மணிக்கு?

இணையத்தில் நேரடியாக ஓடும் நிலையங்கள்தான் வழி. போனில் போட்டு ஒரு ஸ்பீக்கரில் இணைத்தால் வேலை முடிந்தது. எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்பீக்கர்கூடப் போதும்.

நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் இருக்கும் நியூவர்க் நகரத்து டபிள்யூ.பி.ஜி.ஓ. 88.3 என் முதல் தேர்வு. 1979 முதல் ஜாஸ். கோடையில் நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நம் காலை ஏழு என்றால் அங்கே கோடையில் முந்தின இரவு ஒன்பதரை. அதாவது நம் இட்லி நேரத்தில் அவர்களின் இரவு நிகழ்ச்சி, நீளமான டிராக்குகள், அவசரமில்லாத பேச்சு. இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

கலிபோர்னியாவின் கே.சி.எஸ்.எம். 91.1 முழு நேர ஜாஸ். சியாட்டில் பக்கத்து கே.என்.கே.எக்ஸ். 88.5 செய்தியும் ஜாஸும் கலந்தது. நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். 90.7 அந்த ஊர் ஊர்வல இசையெல்லாம் போடும், கல்யாண வீட்டு நாகஸ்வரம் மாதிரி தெருவோசை உள்ள இசை. பாரிஸில் டி.எஸ்.எஃப். ஜாஸ். பேச்சே வேண்டாம் என்றால் ரேடியோ ஸ்விஸ் ஜாஸ், ஆனால் பேச்சில்லாத ரேடியோ எனக்கு உப்பில்லாத தயிர்சாதம்.

ரேடியோவில் ஓடினால் வாசித்தவருக்குக் காசு வருமா?

அமெரிக்க எஃப்.எம்.மில் ஓடினால் மெட்டு போட்டவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும்தான் உரிமைத்தொகை. வாசித்தவருக்கும் லேபிளுக்கும் ஒன்றும் கிடையாது. இணைய வழி ஒலிபரப்பு என்றால் வாசித்தவருக்கும் பங்கு உண்டு. எஃப்.எம். கணக்கு இப்படி என்பதால், ஊரறிந்த பழைய மெட்டுகளை விட்டுவிட்டுத் தன் மெட்டையே வாசிப்பதில் கலைஞருக்கு ஒரு கூடுதல் அக்கறை இருக்கலாம். 

நிலையங்கள் பிழைப்பது பெரும்பாலும் கேட்பவர்களின் நன்கொடையில். ஆண்டுக்குச் சில தடவை, நாலைந்து நாள் விடாமல், பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி "ஐம்பது டாலர் கொடுங்கள், ஒரு காபி கோப்பை தருகிறோம்" என்று கேட்பார்கள். கோயில் திருப்பணிக்கு மைக்கில் பெயர் வாசிக்கிற மாதிரியே நன்கொடையாளர் பெயரும் வாசிப்பார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதைப் பகிர்ந்து கொடுத்த அமைப்பும் மூடப்போவதாக அறிவித்தது. ஜாஸ் போடும் நிலையங்களில் பெரும்பாலானவை இந்தப் பொது ஒலிபரப்பு வகையைச் சேர்ந்தவை. அந்தக் குரல்களில் இப்போது காபிக் கோப்பை கிண்டல் குறைந்திருக்கிறது.

செயலிகளே பட்டியல் போட்டுத் தருகின்றனவே, அது போதாதா?

போதும் என்றால் சரி. எனக்குப் போதவில்லை. செயலி நான் ஏற்கெனவே கேட்டதன் பேரனைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இந்த ஜாஸ் கலைஞர்களை நேரில் பார்க்க முடியுமா?

வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், டெல்லியில் பியானோ மேன், மும்பையில் என்.சி.பி.ஏ. வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது அங்கே பாருங்கள். அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு இப்போது மெட்ரோவின் பர்ப்பிள் லைன் நேராகப் போகிறது. திரும்பி வரும் கடைசி ரயிலுக்காக ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஒன்று ஓடியது, பெயர் சொல்லும்போது கதவு மணி அடித்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான நிலையங்கள் ஓடியதை நேரத்தோடு தங்கள் பக்கத்தில் போட்டுவிடும். நம் கடிகாரத்தை அவர்கள் ஊர் நேரத்துக்கு மாற்றித் தேடினால் கிடைக்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதை மறக்க வேண்டாம். நான் மறந்தேன். ஒரு நவம்பர் காலையில் கேட்ட டிரம்பெட்டைப் பழைய ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தையே வைத்துத் தேடி, வேறு யாரோ ஒருவரின் ஆல்பத்தை வாங்கி, பத்து நாள் அதில் அந்த மெட்டு எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். மெட்டு வரவேயில்லை. ஆல்பம் மட்டும் நன்றாக இருந்தது, இன்றைக்குக் காலையில்கூட அதைத்தான் போட்டேன்.